விடுதலையை எதிர்த்து அரசு: போதைப்பொருள் வழக்குகளில் மேல்முறையீடு

கொலை வழக்கில் விடுதலைத் தீர்ப்பு வந்தால், இறந்தவரின் குடும்பம் ஒன்று நீதிமன்றப் படிகளில் நிற்கும். 2009-க்குப் பிறகு அந்தக் குடும்பம் அரசை எதிர்பார்க்காமல் தானே மேல்முறையீடு செய்யச் சட்டம் வழி விட்டிருக்கிறது. கஞ்சா வழக்கில் அப்படி யாரும் இல்லை. வைத்திருந்ததே குற்றம், அதனால் இன்னாருக்குக் கேடு நேர்ந்தது என்று யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. தகவல் பெற்றது போலீஸ், பிடித்தது போலீஸ், விசாரித்தது போலீஸ், கூண்டேறிச் சாட்சி சொல்வதும் பெரும்பாலும் போலீஸ். வழக்கு விடுதலையில் முடிந்தால் தோற்பதும் அவர்கள்தான். எனவே இந்த வகை வழக்குகளில் மேல்முறையீடு என்பது முழுக்க முழுக்க அரசின் கையில் இருக்கும் ஆயுதம். அதை எப்போது எடுக்கலாம், எடுத்தால் உயர்நீதிமன்றம் எந்த அளவுக்கு உள்ளே போய்ப் பார்க்கலாம் என்பது குறித்து இந்தியச் சட்டம் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருக்கிறது. போதைப்பொருள் வழக்குகள் அந்தப் பேச்சைச் சிக்கலாக்கிவிட்டன.

என்.டி.பி.எஸ். சட்டம் என்று நீதிமன்ற வளாகத்தில் எல்லோரும் சொல்லும் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் அளவை வைத்துத் தண்டிக்கிறது. கஞ்சாவானால் ஒரு கிலோ வரை சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. ஹெராயினுக்கு இந்தக் கணக்கு 5 கிராம், 250 கிராம். வணிக அளவு என்று வந்துவிட்டால் குறைந்தது பத்து ஆண்டு சிறை, கூடியது இருபது ஆண்டு. அபராதமும் ஒரு லட்சத்துக்குக் குறையாது. பத்துக்குக் கீழே இறக்க நீதிபதிக்கு அதிகாரம் இல்லை. 37-ஆம் பிரிவு ஜாமீனைக் கிட்டத்தட்ட அடைத்து வைத்திருப்பதால், விடுதலை ஆகிறவர் பலரும் அதற்குள் சில ஆண்டுகளைச் சிறையில் கழித்தவர்கள். 35, 54 ஆகிய பிரிவுகள் நிரூபிக்கும் சுமையைப் பாதிக்கு மேல் எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், தலையில் ஏற்றுகின்றன: பொருள் உன்னிடம் இருந்தது என்று காட்டிவிட்டால், அது என்னவென்று எனக்குத் தெரியாது என்பதை நீதான் நிரூபிக்க வேண்டும். இந்தப் பிரிவுகள் செல்லும் என்று 2008-ல் சொன்ன உச்ச நீதிமன்றம் கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தது. பொருள் அவரிடமிருந்துதான் எடுக்கப்பட்டது என்ற அடிப்படையை அரசுத் தரப்பு முதலில் ஐயமற நிறுவ வேண்டும். அதன் பிறகே சுமை மாறும். அமிர்தசரஸ் விமான நிலையத்தில் பிடிபட்ட ஆப்கானியர் ஒருவர் அந்த வழக்கில் விடுதலையானார்.

இவ்வளவு கடுமைக்கு எடைக்கல்லாகச் சட்டமே சில நடைமுறைகளைக் கட்டாயமாக்கியிருக்கிறது. விடுதலைகள் பெரும்பாலும் பிறப்பது இங்கேதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ரகசியத் தகவல் வந்தால் 42-ஆம் பிரிவின்படி அதை எழுத்தில் பதிந்து 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு நகல் அனுப்ப வேண்டும். ஆளைச் சோதனையிடும் முன், கெஜட்டட் அதிகாரி அல்லது நடுவர் முன்னிலையில் சோதிக்கப்படும் உரிமை உனக்கு உண்டு என்று 50-ஆம் பிரிவின்படி சொல்ல வேண்டும். பறிமுதல் மகஜர் எழுத வேண்டும். 52ஏ பிரிவின்படி நடுவர் முன்னிலையில் பட்டியலிட்டு மாதிரி எடுக்க வேண்டும். 55-ஆம் பிரிவின்படி நிலைய அதிகாரி முத்திரையிட்டுப் பொருளைக் காப்பில் வைக்க வேண்டும். 57-ஆம் பிரிவின்படி 48 மணி நேரத்தில் மேலதிகாரிக்கு அறிக்கை போக வேண்டும். ஆய்வகத்துக்குப் போன பொட்டலத்தின் முத்திரையும் மகஜரில் உள்ள முத்திரையும் ஒத்திருக்க வேண்டும். கடைசியில் சான்றுப் பொருளாக மூட்டை நீதிமன்றத்துக்கு வந்து சேர வேண்டும்.

இதில் எங்கு வேண்டுமானாலும் நூல் அறுந்துபோகும். அ.சா.1, அதாவது அரசுத் தரப்பின் முதல் சாட்சி, சொன்ன நேரமும் அ.சா.2 சொன்ன நேரமும் பொருந்தாது. மகஜர் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டவர், ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினார்கள் என்று பிறழ்ந்துவிடுவார். மாதிரிப் பொட்டலம் ஆய்வகத்துக்குப் போவதற்கு முன் இருந்த நாட்களுக்குக் கணக்கு இருக்காது. 2023 ஜூலையில் சென்னையில் ஒரு கஞ்சா வழக்கு முடிந்த விதம் இதற்கெல்லாம் சிகரம். 2020-ல் மெரினாப் பகுதியில் இருவரிடம் 22 கிலோ பிடித்ததாக வழக்கு. ஆய்வுக்கு எடுத்த மாதிரி போக மீதியை எலி தின்றுவிட்டது என்றது காவல்துறை. குற்றப்பத்திரிகையில் சொன்ன அளவு நிரூபிக்கப்படவில்லை என்று இருவரையும் சிறப்பு நீதிமன்றம் விடுவித்தது. ஊரே சிரித்தது. ஆனால் சட்டக் கேள்வியாக எடுத்துக்கொண்டால் இது சிரிப்பதற்குரியதல்ல. மூட்டை நீதிமன்றத்துக்கு வராவிட்டால் வழக்கு விழுமா என்பதில் உச்ச நீதிமன்றமே இரண்டு பக்கமும் நின்றிருக்கிறது. பொருளை முன்வைக்காதது வழக்கையே சாய்க்கும் என்று 2003-ல் மத்தியப் பிரதேச வழக்கில் சொன்னது. மாதிரி, முத்திரை, ஆய்வறிக்கை எல்லாம் ஒழுங்காக இருந்தால் மூட்டை முழுதும் வராதது மட்டுமே விடுதலைக்குக் காரணமாகாது என்று 2019-ல் ராஜஸ்தான் அரசின் மேல்முறையீட்டில் சொல்லி, உயர்நீதிமன்றம் தந்த விடுதலையை ரத்து செய்தது.

இனி மேல்முறையீட்டுச் சட்டத்துக்கு வருவோம். 1861-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் விடுதலையை எதிர்த்து மேல்முறையீட்டுக்கு இடம் தரவில்லை. 1872 சட்டம்தான் அரசுக்கு அந்தக் கதவைத் திறந்தது. ஜூரி விடுவித்தவரை மன்னரே மறுபடி தொட முடியாது என்ற மரபில் வளர்ந்த ஆங்கிலேயர்கள், தங்கள் ஊரில் இல்லாத ஓர் அதிகாரத்தைக் காலனியில் தங்களுக்கே எழுதிக்கொண்டார்கள். சுதந்திர இந்தியா அதைக் கைவிடவில்லை. 1973 சட்டத்தில் 378-ஆம் பிரிவாக வைத்துக்கொண்டு, உயர்நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும் என்று ஒரு தடையை மட்டும் சேர்த்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அதுவே 419-ஆம் பிரிவு. மாநில போலீஸ் வழக்கென்றால் மாநில அரசும், மத்தியப் போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பணியகம் போன்ற அமைப்பின் வழக்கென்றால் மத்திய அரசும் அரசு வழக்கறிஞருக்கு உத்தரவிட வேண்டும். காலக்கெடு 90 நாள். கோப்பு ஒவ்வொரு மேசையாக ஏறி இறங்குவதற்குள் இந்த 90 நாள் கடந்துபோவது வாடிக்கை; தாமதத்தைப் பொறுத்தருளும் மனுவோடு வரும் மேல்முறையீடுகள் ஏராளம்.

உள்ளே வந்த மேல்முறையீட்டை எப்படிப் பார்ப்பது என்பதற்கு இன்றும் மூலவேர் 1934-ல் லண்டன் பிரிவி கவுன்சில் ஷியோ ஸ்வரூப் வழக்கில் சொன்னது. உயர்நீதிமன்றத்துக்குச் சாட்சியங்களை முழுவதும் மறுபடி எடைபோட அதிகாரம் உண்டு. ஆனால் நான்கைக் கவனத்தில் கொள்ள வேண்டும்: சாட்சிகளின் நம்பகத்தன்மை பற்றி விசாரணை நீதிபதி கொண்ட கருத்து; விடுதலையால் எந்த விதத்திலும் குறைந்துவிடாத நிரபராதி என்ற அனுமானம்; சந்தேகத்தின் பலன் எதிரிக்கே என்பது; சாட்சிகளை நேரில் பார்த்த நீதிபதியின் முடிவைக் கலைப்பதில் காட்ட வேண்டிய தயக்கம். 1952-ல் உச்ச நீதிமன்றம் இதற்கு மேலும் ஒரு பூட்டுப் போட்டு, வலுவான கட்டாயக் காரணங்கள் வேண்டும் என்றது. 1960-ல் அது பூட்டில்லை என்று தளர்த்தியது. 2007-ல் சந்திரப்பா வழக்கில் எல்லாவற்றையும் தொகுத்து, அத்தகைய சொற்கள் வெறும் மொழி அலங்காரமே, அதிகாரத்துக்கு அவை எல்லை கட்டவில்லை என்றது. இரண்டு விதமாகக் கொள்ள இடமிருந்தால் விடுதலையைக் கலைக்கக் கூடாது என்றும், விடுதலையான பிறகு நிரபராதி என்ற அனுமானம் இரட்டிப்பாகிறது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. அதிகாரம் முழுமையானது, பயன்பாடு அரிதாக இருக்க வேண்டும் என்பதே இதன் சாரம். அனுமதி மறுத்தாலும் காரணம் எழுத வேண்டும் என்பதையும் உச்ச நீதிமன்றம் பலமுறை வலியுறுத்தியிருக்கிறது. ஒற்றை வரியில் தள்ளுபடி செய்த உத்தரவுகள் திரும்பிப் போயிருக்கின்றன.

கொலை, கொள்ளை வழக்குகளை மனத்தில் வைத்து உருவான இந்தக் கோட்பாடு போதைப்பொருள் வழக்கில் எப்படிப் பொருந்துகிறது? ஷியோ ஸ்வரூப் சொன்ன தயக்கத்துக்கான பெரிய காரணம், நீதிபதி சாட்சியின் முகத்தைப் பார்த்தார் என்பது. கஞ்சா வழக்கில் விசாரணை நீதிபதி பார்த்த முகம் பெரும்பாலும் ஓர் ஆய்வாளரின் முகம், அதன் பின் ஒரு தலைமைக் காவலரின் முகம். விடுதலைக்கான காரணமோ முகத்தில் இல்லை. நேரம் குறிக்கப்படாத நாட்குறிப்பிலும், தேதி திருத்தப்பட்ட பதிவேட்டிலும் இருக்கிறது. காகிதத்தை உயர்நீதிமன்ற நீதிபதியும் அதே தெளிவோடு படிக்கலாம். அப்படியானால் தயக்கம் தேவையில்லையா என்று அரசு வழக்கறிஞர்கள் கேட்பதில் நியாயம் இல்லாமலில்லை.

ஆனால் தயக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு, அது இங்கே பன்மடங்கு கனக்கிறது. சுமை தலைகீழாக மாறியிருக்கும் சட்டத்தில், வணிக அளவுக்குக் குறைந்தபட்சத் தண்டனையே பத்து ஆண்டாக இருக்கும் சட்டத்தில், சந்தேகத்தின் பலன் என்பது எதிரிக்கு மிஞ்சியிருக்கும் ஏறத்தாழ ஒரே சொத்து. அதனால் விடுதலைகளை இரண்டாகப் பிரித்தே இந்தக் கேள்வியை அணுக முடியும் என்பது என் கருத்து. சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு தந்த விடுதலை ஒன்று. சட்டத்தைச் சரியாகப் புரிந்து, இந்தப் போலீஸ் சாட்சியை நம்பி ஒருவரைப் பத்து ஆண்டு உள்ளே அனுப்ப மனம் வரவில்லை என்று தந்த விடுதலை இன்னொன்று. முதலாவதற்கு மேல்முறையீடு தேவை. இல்லாவிட்டால் பிழை பரவும். இரண்டாவதைத் தொடாமல் விடுவதே நேர்மை. நம் உயர்நீதிமன்றங்களின் அனுமதிக் கட்டத்தில் இந்தப் பிரிப்பு தெளிவாக நடப்பதில்லை. கனடா இதைச் சட்டத்திலேயே எழுதிவிட்டது: அங்கே விடுதலையை எதிர்த்து அரசுத் தரப்பு சட்டக் கேள்வியில் மட்டுமே மேல்முறையீடு செய்யலாம், சாட்சிய மதிப்பீட்டில் செய்ய முடியாது. அமெரிக்காவில் அதற்கும் வழியில்லை. அரசியலமைப்பின் ஐந்தாம் திருத்தம் விடுதலையை இறுதியாக்கிவிடுகிறது.

பிரித்துப் பார்க்கும்போது தெரியும் முதல் வகைக்கு 50-ஆம் பிரிவே சிறந்த உதாரணம். தொண்ணூறுகளில் உச்ச நீதிமன்ற அமர்வுகள் ஒன்றுக்கொன்று முரணாகப் பேசின. உரிமையைச் சொல்லாமல் சோதித்தால் பறிமுதலே செல்லாது என்று ஓர் அமர்வு. சோதனை சட்டவிரோதமானாலும் கிடைத்த பொருளைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று இன்னோர் அமர்வு. 1999-ல் பஞ்சாப் அரசின் மேல்முறையீடுகளை எடுத்துக்கொண்ட ஐந்து நீதிபதிகள் அரசியலமைப்பு அமர்வு, பல்தேவ் சிங் வழக்கில் ஒரு முடிவுக்கு வந்தது. உரிமையை எடுத்துச் சொல்வது கட்டாயம். சொல்லாவிட்டால் விசாரணை முழுதும் பாழாகாது, ஆனால் அந்தப் பறிமுதலை மட்டும் நம்பித் தண்டிக்க முடியாது. 2010-ல் இன்னோர் அரசியலமைப்பு அமர்வு, ஏறக்குறைய சொன்னால் போதாது, கறாராகச் சொல்ல வேண்டும் என்றது.

பை இந்தப் பிரிவுக்குள் வருமா என்ற கேள்வி பல்தேவ் சிங் தீர்ப்புக்குப் பிறகும் இருபதாண்டுக்கு மேல் ஓடியது. ஆளின் உடலைச் சோதிப்பதற்குத்தான் 50-ஆம் பிரிவு, தோளில் தொங்கும் பைக்கு இல்லை என்று 2005-ல் மூன்று நீதிபதிகள் சொன்னார்கள். பையோடு ஆளையும் சோதித்தால் பிரிவு பொருந்தும் என்று 2014-ல் இருவர் அமர்வு ராஜஸ்தான் அரசின் மேல்முறையீட்டைத் தள்ளியது. அந்த வழக்கில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே நோட்டீஸ் கொடுத்திருந்தார்கள். போதாததற்கு, சோதனைக் குழுவில் இருந்த அதிகாரி முன்னிலையில் சோதிக்கச் சம்மதமா என்று சட்டத்தில் இல்லாத மூன்றாம் வழியையும் காட்டியிருந்தார்கள். 2019-ல் பஞ்சாப் வழக்கில் காற்று மாறியது: ஆளைச் சோதித்ததில் பிழை இருந்தாலும் காரிலிருந்து எடுத்த பொருளை அது பாதிக்காது என்று சொல்லி, உயர்நீதிமன்றம் தந்த விடுதலையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2023-ல் ஹிமாசலப் பிரதேச வழக்கு ஒன்று. விசாரணை நீதிமன்றம் விடுவித்தவரை உயர்நீதிமன்றம் தண்டித்தது. பை வேறு, உடல் வேறு என்று விரிவாக எழுதி உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை உறுதி செய்தது.

2014-க்கும் 2019-க்கும் நடுவே, அன்றைய உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மாவட்ட நீதிபதி ஒருவரை விடுவித்திருந்தால் அவர் தவறு செய்தவரா? தீர்ப்பு எழுதிய அன்று சரியாக இருந்தது, மேல்முறையீடு பட்டியலுக்கு வரும் நாளில் தவறாகிவிடுகிறது. பல ஆண்டுகள் நிலுவையில் கிடக்கும் மேல்முறையீடு, விடுதலையானவரை அசையும் தரையில் நிற்க வைக்கிறது. விடுதலை மேல்முறையீடு குறித்த கட்டுரைகள் பெரும்பாலும் தொடாத இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இதன் மிகக் கூர்மையான வடிவம் 2018-ல் தொடங்கியது. தகவல் கொடுத்த அதிகாரியே விசாரணை அதிகாரியாகவும் இருந்தால் நியாயமான விசாரணை இல்லை, எதிரி விடுதலைக்கு உரியவர் என்று 2018 ஆகஸ்ட் 16-ல் மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. போதைப்பொருள் வழக்குகள் பலவற்றில் இப்படித்தான் நடக்கும் என்பது நீதிமன்ற வராந்தாவில் நிற்கும் எவருக்கும் தெரியும். ஆறே மாதத்தில், 2019 பிப்ரவரியில், பழைய வழக்குகளுக்கு அந்தத் தீர்ப்பு தானாகப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் பின்வாங்கியது. அதுவும் உயர்நீதிமன்றம் விடுதலையைத் தண்டனையாக மாற்றிய ஒரு வழக்கில்தான். 2020 ஆகஸ்ட் 31-ல் ஐந்து நீதிபதிகள் 2018 தீர்ப்பையே தவறு என்று தள்ளினார்கள். பாரபட்சம் இருந்ததா என்பதை ஒவ்வொரு வழக்கின் உண்மையிலும் பார்க்க வேண்டும் என்றார்கள். இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் அந்த ஒரே காரணத்துக்காக விடுதலையானவர்களுக்கு எதிராக அரசு வந்தால் அது சட்டப்படி வலுவான மேல்முறையீடு. ஆனால் அன்று நாட்டின் உச்ச நீதிமன்றம் சொன்ன சட்டத்தால் விடுதலையான ஒருவரை அதே நீதிமன்றம் மனம் மாறியதற்காக மறுபடி உள்ளே அனுப்புவது எனக்கு உறுத்துகிறது.

52ஏ பிரிவிலும் இதே ஊசல். பிடித்த இடத்திலேயே அதிகாரி மாதிரி எடுப்பது சட்டத்துக்குப் பொருந்தாது, நடுவர் முன்னிலையில்தான் எடுக்க வேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு 2023-ல் தண்டனைகள் வரிசையாக விழுந்தன. சென்னையில் மத்தியப் போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பணியகம் 2000-ல் பிடித்த 20 கிலோ ஹெராயின் வழக்கும் அதில் ஒன்று. இருபத்து மூன்று ஆண்டு கழித்து 2023 அக்டோபரில் தண்டனை ரத்தானது. 2025 ஜனவரியில் சத்தீஸ்கர் கஞ்சா வழக்கில் ஊசல் திரும்பியது. 52ஏ மீறப்பட்டது என்பது மட்டுமே விடுதலைக்குப் போதாது, மற்றச் சாட்சியங்கள் நம்பத்தக்கவையா என்று பார்க்க வேண்டும் என்று தண்டனை உறுதியானது. சென்னையில் தொடங்கி 2020 அக்டோபரில் முடிந்த தோஃபான் சிங் வழக்கு இதற்கு எதிர்த் திசையில் வேலை செய்தது. 67-ஆம் பிரிவில் அதிகாரிகள் வாங்கும் வாக்குமூலத்தை ஒப்புதலாகப் பயன்படுத்த முடியாது என்று இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வந்த அந்தத் தீர்ப்பு, வாக்குமூலத்தை மட்டும் நம்பி நின்ற மேல்முறையீடுகளின் காலை வாரிவிட்டது.

இரண்டாவது வகை விடுதலைக்கு, அதாவது நம்பிக்கை வராமல் தந்த விடுதலைக்கு வருவோம். அதைக் காகிதத்தைப் படித்தே கவிழ்த்தால் என்ன ஆகும் என்பதைக் காட்ட இந்தியாவை விடச் சிங்கப்பூர் தெளிவான சான்று. அங்கே அரசுத் தரப்பு விடுதலையை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம். ஹெராயினில் 15 கிராமைத் தாண்டினால் அது தூக்குக்குரிய குற்றம். 2011 நவம்பரில் நைஜீரியாவிலிருந்து வந்த ஒருவர் கொண்டுவந்த பெட்டி, ஒரு பெண்ணின் கைக்கு மாறி, உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் பிடிபட்டது. உள்ளே ஏறத்தாழ இரண்டு கிலோ மெத்தம்பெட்டமைன். பெட்டியில் என்ன இருந்தது என்று தெரியாது என்றார் அவர். 2014-ல் உயர்நீதிமன்ற நீதிபதி நம்பி விடுவித்தார். 2015-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஆரம்ப வாக்குமூலத்தில் அவர் பல பொய் சொன்னார் என்பதை வைத்துத் தண்டித்தது. பிறகு தண்டனை அளவுக்காக எடுத்த மனநல அறிக்கையில், சிறுவயதில் சொந்த ஊரில் கண்ட படுகொலையின் பாதிப்பு அவரிடம் இருப்பது வெளிவந்தது. அந்தப் பயமே பொய்களுக்குக் காரணமாக இருந்திருக்கலாம் என்ற வாதம் எழுந்தது. 2017-ல் வழக்கு மறுபடி திறக்கப்பட்டு, 2020 செப்டம்பரில் நால்வர் ஒரு பக்கமும் ஒருவர் ஒரு பக்கமுமாக அவரை விடுவித்தார்கள்.

அடுத்த மாதமே இன்னொன்று. 2014 டிசம்பரில் அதே உட்லண்ட்ஸில் 40 கிராமுக்கு மேல் ஹெராயினோடு பிடிபட்ட மலேசியத் தமிழர் ஒருவர், இது சாதாரண டிஸ்கோ மருந்து என்று சொல்லித்தான் தன்னிடம் தந்தார்கள் என்றார். 2017-ல் உயர்நீதிமன்றம் அதை ஏற்று, தூக்குக்குரிய குற்றச்சாட்டிலிருந்து விடுவித்து, சிறிய குற்றச்சாட்டில் பதினைந்து ஆண்டும் பத்துப் பிரம்படியும் விதித்தது. அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது; 2018-ல் தூக்கு. 2019-ல் வேறொரு வழக்கில், கண்ணை மூடிக்கொண்டிருந்தார் என்பதையும் உண்மையிலேயே அறிந்திருந்தார் என்பதையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது என்று அதே மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டத்தைத் திருத்திக்கொண்டது. அந்தத் திருத்தத்தின் வெளிச்சத்தில் 2020 அக்டோபரில் தூக்கு நீங்கி, பழைய தண்டனை திரும்ப வந்தது. நடுவில் அவரைத் தூக்கிலிட்டிருந்தால் திருத்திக்கொள்ள ஆள் இருந்திருக்க மாட்டார். இரண்டு வழக்கிலும் எதிரி தன் வாயால் சொன்னதைக் கேட்ட நீதிபதிதான் கடைசியில் சரியாக இருந்தார். வைத்திருந்தது உண்மை, தெரியுமா என்பதே கேள்வி என்னும் வழக்குகளில் காகிதத்துக்கு அகப்படாத ஏதோ ஒன்று இருக்கிறது.

ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2011-ல் மால்டோவா நாட்டு லஞ்ச வழக்கொன்றில் இதை விதியாகவே சொன்னது: சாட்சியின் நம்பகத்தன்மையை வைத்து விடுவிக்கப்பட்டவரைத் தண்டிக்க வேண்டுமானால் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் சாட்சிகளை நேரில் கேட்க வேண்டும். நம்முடைய சட்டத்திலும் உயர்நீதிமன்றம் கூடுதல் சாட்சியம் எடுக்கலாம், மறுவிசாரணைக்கு அனுப்பலாம். இரண்டுமே அரிதாகத்தான் நடக்கின்றன. அனுப்பாமல் நேரடியாகத் தண்டிப்பது எளிது, அவ்வளவுதான்.

விடுதலையானவர் பக்கம் நின்று பார்த்தால் காட்சி வேறு. விடுதலைக்கு முன்பே ஆறு மாதத்துக்கு, மேல் நீதிமன்றம் கூப்பிட்டால் வருவேன் என்று பிணைப்பத்திரம் எழுதிக் கொடுத்திருப்பார். மேல்முறையீடு ஏற்கப்பட்டால் அவரைக் கைது செய்து சிறையில் வைக்கவோ ஜாமீனில் விடவோ உயர்நீதிமன்றம் உத்தரவிடலாம். பெயிண்ட் அடிக்கவோ லாரி ஓட்டவோ வேறு ஊருக்குப் போய்விட்டவருக்கு நோட்டீஸ் பழைய முகவரியில் ஒட்டப்படும். வக்கீல் வைக்க முடியாதவருக்குச் சட்ட உதவி மையம் ஒருவரை நியமிக்கும். அவர் கட்டைப் பிரிப்பதற்குள் வாய்தா வந்துவிடும். ஒரே ஆறுதல், உயர்நீதிமன்றம் விடுதலையை மாற்றிப் பத்து ஆண்டோ அதற்கு மேலோ தண்டித்தால் உச்ச நீதிமன்றத்துக்குப் போவது அவருடைய உரிமை. சிறப்பு அனுமதி கேட்டுக் கையேந்த வேண்டியதில்லை. வணிக அளவு வழக்கில் குறைந்தபட்சமே பத்து என்பதால், மாற்றப்படும் அத்தகைய விடுதலைகள் எல்லாவற்றுக்கும் இந்த உரிமை கிடைத்துவிடுகிறது. டெல்லி போகும் செலவு வேறு கணக்கு.

அரசுக்கு மேல்முறையீட்டைத் தவிர வேறு வழியே இல்லையா? 2014 ஜனவரியில் குஜராத் அரசின் மேல்முறையீடு ஒன்றைத் தள்ளும்போது உச்ச நீதிமன்றம் ஒரு வழியைச் சொன்னது. அது போதைப்பொருள் வழக்கு அல்ல, ஒரு குழந்தையின் கொலை வழக்கு. விசாரணைக் குளறுபடியால் எதிரி தப்பினார். விடுதலையாகும் ஒவ்வொரு வழக்கையும் மூத்த காவல், வழக்கு நடத்துதல் அதிகாரிகள் அடங்கிய நிலைக்குழு ஆராய வேண்டும், தவறு யாருடையது என்று கண்டறிந்து துறை நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் அந்தத் தீர்ப்பு உத்தரவிட்டது. 50-ஆம் பிரிவு நோட்டீஸைத் தப்பாக எழுதிய ஆய்வாளருக்கு அதைச் சரியாக எழுதக் கற்றுக்கொடுப்பது, அந்தப் பிழையைக் காப்பாற்ற உயர்நீதிமன்றத்தில் வாதாடுவதை விடச் செலவு குறைவு. என்.டி.பி.எஸ். சட்டத்திலேயே வேண்டுமென்றே தொல்லை தரும் சோதனைக்கு அதிகாரியைத் தண்டிக்க 58-ஆம் பிரிவு இருக்கிறது. அந்தப் பிரிவின் பெயரைத் தீர்ப்புகளில் தேடிப் பார்த்தால் அலுத்துப்போகும்.

2024-ல் வந்த புதிய நடைமுறைச் சட்டத்தின் 105-ஆம் பிரிவு, சோதனையையும் பறிமுதலையும் வீடியோவில் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. செல்போனிலேயே எடுக்கலாம்; தாமதமின்றி நடுவருக்கு அனுப்ப வேண்டும். இது சரியாக நடந்தால், உரிமை சொல்லப்பட்டதா, பை எங்கிருந்து எடுக்கப்பட்டது, முத்திரை எப்போது வைக்கப்பட்டது என்பதற்கெல்லாம் மேல்முறையீட்டு நீதிபதியும் கண்ணால் காணும் சாட்சியம் இருக்கும். விசாரணை நீதிபதி பார்த்தார், நான் பார்க்கவில்லை என்ற பழைய தயக்கம் அந்த அளவுக்குக் கரையும். வீடியோ எடுக்காத வழக்கில் விடுதலை வந்தால், 52ஏ-க்குச் சொன்னதுபோல அது மட்டும் போதாது என்று உயர்நீதிமன்றங்கள் சொல்லுமா, 50-க்குச் சொன்னதுபோலக் கட்டாயம் என்று சொல்லுமா என்பதுதான் அரசின் அடுத்த சுற்று மேல்முறையீடுகள் சுமந்து வரப்போகும் கேள்வி.